எலிசாளின் பஞ்சுக் கை

பாறசாலையிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரும் எலிசாளுக்கு ஒரு டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கத் தெரியாது. அவள் கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதே கை ஸ்கேன் கருவியைப் பிடித்ததும் பஞ்சாகிவிடும். டாக்டர் வருவதற்கு முன் படம் எடுத்து வைப்பது அவள் வேலை. “தொட்டதே தெரியல்ல சேச்சி” என்று சொல்லாத நோயாளி இல்லை. அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே!

தொண்ணூற்றெட்டில் கலர் டாப்ளர் மெஷின் வந்தது. ஊசி இல்லை, கத்தி இல்லை. தோலின்மேல் கருவியை வைத்தால் போதும், உள்ளே ஓடும் ரத்தம் திரையில் நிறமாகத் தெரியும். கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம். இருட்டும் குளிருமான அந்த அறையில், யார் யாருடைய உடம்புக்குள்ளோ ஓடும் ஆறுகளைப் பார்த்தபடி எலிசாள் சொப்பனத்தில் இருப்பவள்போல இருப்பாள். சோற்று நேரம்கூட மறந்துபோகும். கட்டிகளில் மட்டும் நிறம் வரக் கூடாதென்று வேண்டிக்கொள்வாள். உள்ளே ரத்தம் தாறுமாறாகப் பாயும் கட்டியைக் கண்டால்தான், புற்றாக இருக்குமோ என்று டாக்டரின் முகம் மாறும்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மழைநாளில் அந்த அறைக் கட்டிலில் தங்கை ஜினி படுத்திருந்தாள். மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட எலிசாளுக்கு உலகத்தில் இருப்பது ஜினி ஒருத்திதான்.

கருவியை வைத்தாள். திரை வெறும் சாம்பலாகக் கிடந்தது. இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். நிறமே இல்லை. “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று முணுமுணுத்தாள்.

“நெறம் ஒண்ணும் வரல்லியே அக்கா, நல்லதுதானே?”

“நல்லதுதான் மக்களே.”

“பின்னே ஏன் இப்பிடி அமுக்குத? வலிக்குது.”

எலிசாள் தன் கையைப் பார்த்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவளுக்குத் தெரியாததா? சன்னமான குழாய்களை அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும், நிறமும் வராது. அவளுடைய ஆசையே கைக்குள் இறங்கி அமுக்கிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்தப் படத்தையே எடுத்து வைத்துவிட்டால் இருவரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறலாம்.

கையை மெல்லத் தளர்த்தினாள்.

“ஆங், இப்பந்தான் உன் கை” என்று ஜினி கண்ணை மூடினாள்.

முதலில் ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்தில் நீலம். பிறகு நாலா பக்கமிருந்தும் வளைந்து நெளிந்து கட்டிக்குள் நுழையும் இழைகள். கண்ணைத் திறந்த ஜினி, நிறம் வந்தால் என்ன அர்த்தம் என்பதையே ஒரு கணம் மறந்து, “எவ்வளவு அழகா இருக்கு!” என்றாள்.

எலிசாள் படத்தை நிறுத்திச் சேமித்தாள். ஸ்கேனுக்காகத் தங்கையின் மார்பில் தடவியிருந்த பசையைத் துடைத்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டாள்.

“ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லுவாரு. நான் கூடவே இருப்பேன், கேட்டியா?”

டாக்டரைக் கூப்பிட வெளியே வந்தவள், வாழ்க்கையில் முதல்முறையாக, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.