அண்ணிக்குத் தலை கொடுத்த குடும்பம்

உலகத்துச் சிங்கங்களுக்கெல்லாம் எங்கள் அண்ணியைப் பற்றித் தெரிந்திருந்தால், காட்டை விட்டுப் பிடரியைச் சிலுப்பிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் வரிசையில் நின்றிருக்கும். பறக்கிற கொசுவைப் பறக்கவிட்டபடியே அதற்கு மீசை ஒதுக்கத் தெரிந்த ஒரே மனிதப் பிறவி அவள். ராஜாக்கள் இருந்த காலத்தில் பிறந்திருந்தால், அவள் கை படுவதற்கு இடைஞ்சல் என்று அத்தனை பேரும் கிரீடத்தைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பார்கள். பாதிப் போர் நடந்தே இருக்காது.

அப்பேர்ப்பட்டவளுக்குப் போன மழைக்காலத்திலிருந்து தன் உச்சந்தலையைத் தானே சொறிந்துகொள்ள முடியவில்லை.

அண்ணிக்குத் தொழில் முடிவெட்டுவது. பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. ஆண், பெண், குழந்தை, எந்தத் தலைக்கும் அங்கே இடம் உண்டு. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு அங்கே தரையில் விழுந்த முடியைக் கூட்டப் போனவள், கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து, துடைப்பத்தின் நுனியை வெட்டிப் பழகி, அதற்காக முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கி, கடைசியில் ஜன்னலோர நாற்காலிக்குச் சொந்தக்காரி ஆனாள். என் அண்ணன் அங்கே முடிவெட்டிக்கொள்ளப் போனவன்தான். முதலில் மாதம் ஒருமுறை போனான். பிறகு வாரம் ஒருமுறை. வெட்ட ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் வேறு வழியில்லாமல் கல்யாணம் பேசினான்.

அவள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஷாம்பு பாட்டிலில் பாத்திரம் தேய்க்கிற சோப்பை ஊற்றி வைத்தேன். நாத்தனார் என்றால் ஒரு கடமை இருக்கிறதல்லவா? மறுநாள் காலையில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, "புது ஷாம்பு அருமையா இருக்குடி வாலு, நீயும் போட்டுக்கோ" என்று முழு பாட்டிலையும் என் தலையில் கவிழ்த்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் வாலு. இப்போது மருந்துக்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மழையில் ஸ்கூட்டர் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம், வலது தோள் நேராக நடைபாதைக் கல்லில். நொறுங்கின எலும்புக்குத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். அப்பா பிளம்பர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வேலை சுத்தமா இருக்கு. திருகாணியெல்லாம் நேரா இறங்கியிருக்கு" என்றார்.

"அது குழாய் இல்லங்க, நம்ம பொண்ணு" என்று அம்மா அடிக்குரலில் சீறினாள்.

அப்பா எக்ஸ்ரேயை மெதுவாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கழிவறைக்குப் போனார். உள்ளே குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டு நீர் வீணானாலே ஊரைக் கூட்டுகிற மனுஷர்.

எலும்பு ஒட்டிவிட்டது. கைதான் நெஞ்சுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. பயிற்சி கொடுக்க ஒரு அம்மாவிடம் அண்ணன் கூட்டிக்கொண்டு போவான். நான் அவருக்கு வைத்த பெயர் கைமுறுக்கி. "வலிக்கிற வரைக்கும் தூக்கு. வலிச்சதும் இன்னும் ஒரு சுண்டுவிரல் அளவு தூக்கு. அதுக்கு மேல வீரம் காட்டாத" என்பது கைமுறுக்கியின் சட்டம்.

நாளெல்லாம் நின்று வேலை பார்த்த கால்கள் அண்ணிக்கு. உட்கார வராது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். கையில் கத்தரிக்கோல் சக் சக்கென்று காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் வீட்டையே பிடித்துக்கொண்டது. அம்மா கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். ஒழுகாத குழாய்க்கெல்லாம் அப்பா வாஷர் மாற்றினார். பார்சல் வண்டி ஓட்டுகிற அண்ணன், வழியில் இல்லாத வீட்டுக்கு வழியில் வந்ததாகச் சொல்லிப் பகலில் பல தடவை எட்டிப்பார்த்தான். நான் மட்டும் நிம்மதியாக இருந்தேன். நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு விரலை ஆரம்பித்திருந்தேன், அவ்வளவுதான்.

முதலாளியம்மா ஒருநாள் ஆப்பிள் பையோடு வந்தாள்.

"அவசரமில்லம்மா, நல்லா குணமாகட்டும்" என்று ஆரம்பித்தாள். ஆரம்பிக்கிற தினுசிலேயே 'ஆனா' ஒன்று வரப்போவது தெரிந்தது. வந்தது. "ஆனா ஜன்னல் நாற்காலிய எவ்வளவு நாள் சும்மா போட்டு வைக்க? மாசக் கடைசிக்குள்ள வந்து என் கண்ணு முன்னாடி ஒரு தலைய முழுசா வெட்டிக் காட்டு. நாற்காலி உன்னோடது. முடியலேன்னாலும் உன்னை விட்டுட மாட்டேன். முன்னாடி மேஜையில உக்காந்து போன் எடு."

போன் எடு என்றதும் அண்ணி சிரித்தாள். திருடன் போலீஸைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அந்த ஜன்னல் நாற்காலியில் ஒரு வில்லங்கம் உண்டு. மற்ற நாற்காலிகள் மிதியை அழுத்தினால் ஏறும், இறங்கும். அவற்றுக்கெல்லாம் ஆள் இருந்தது. இது எப்போதோ ஏறின இடத்தில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. அண்ணன் அப்பாவின் டேப்பைக் கொண்டுபோய் அளந்துவிட்டு வந்தான். "நம்ம சாப்பாட்டு மேஜை நாற்காலி உயரம்தான். அதுல உக்கார வச்சு ஒரு தலை முடிச்சிட்டா, கடையிலயும் முடிச்சிடலாம்."

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் தலைவிதி.

முதல் தலை அப்பாவுடையது. வழுக்கை. "வெட்டவும் ஒண்ணுமில்ல, கெடவும் ஒண்ணுமில்ல. தைரியமா பழகும்மா" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்ணி நின்றபடி அவர் மண்டைக்கு மேலே காற்றை வெட்டினாள். பிறகு அம்மா, அண்ணன், நான் என்று ஒவ்வொருவராகத் தரையில். தரை கைவந்ததும் பலகை. பலகைக்குப் பிறகு கவிழ்த்துப்போட்ட வாளி. வாளிக்குப் பிறகு ஸ்டூல். எங்கள் தலைகள் உயர உயர அண்ணியின் கையும் உயர்ந்தது. ஒவ்வொரு உயரத்திலும் பல்லைக் கடிப்பாள். வேர்வை எங்கள் கழுத்தில் சொட்டும். யாரும் துடைத்துக்கொள்வதில்லை.

முடி வளர்கிற வேகத்துக்கு அண்ணியின் அவசரம் அடங்குமா? அண்ணன் தலை எலி கரம்பின பாய் மாதிரி ஆனது. என் பின்னல் தோளுக்கு ஏறி, காதுக்கு ஏறியது. எதிர்வீட்டு அம்மாள் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "குடும்பத்துக்கே பேன் பிடிச்சிருக்கா?" என்று விசாரித்தாள். "ஆமாங்க, உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டு இருக்கு" என்றேன். அதோடு வாசல் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஸ்டூல் வரைக்கும் வந்த கை நாற்காலிக்கு வரவில்லை. வாரம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. உச்சந்தலைக்கு விரற்கடை கீழே வந்ததும் கை நடுங்கி இறங்கிவிடும். ஒருநாள் அண்ணி சீப்பை வீசி எறிந்தாள். பிரிட்ஜில் பட்டு அதன் பல் இரண்டு தெறித்தது.

"போன் எடுக்கறதும் வேலைதானே?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு குரலை மெல்லிசாக்கி, "வணக்கம், சொல்லுங்க" என்று ஒத்திகை பார்த்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. எழவு வீட்டிலும் சிரிப்பவள் நான். எனக்கே வரவில்லை. அந்த 'வணக்கம், சொல்லுங்க'வை இன்னொரு தடவை கேட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால்தான் செய்தேன். பாசம், கீசம் என்று யாராவது கிளப்பிவிட வேண்டாம்.

மறுநாள் வீட்டில் யாருமில்லாத நேரம், இரும்பு அறுக்கிற அப்பாவின் பழைய ஆக்சா ரம்பத்தை எடுத்தேன். நாற்காலிக்கு இரும்புக் குழாய்க் கால், நுனியில் ரப்பர் மூடி. மூடியைக் கழற்றி, நாலு காலிலும் கட்டை விரல் அகலத்துக்கு அறுத்து, திரும்ப மூடியை மாட்டினேன். பிளம்பர் மகள் என்றால் சும்மாவா? அறுத்த வளையங்களை என் பழைய புத்தகப்பையில் போட்டேன். பத்தாவதோடு மூடின பை. உலகத்திலேயே பாதுகாப்பான இடம். நானே திறப்பதில்லை.

அன்று மாலை அண்ணி அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்தாள். வழக்கமாக நின்று வேலை செய்கிறவர்கள் போடும் தடித்த அடிவைத்த செருப்போடுதான் வெட்டுவாள். அன்றைக்கு அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றாள். "தரை ஜில்லுன்னு இருக்கு, நல்லாருக்கு" என்றாள். கை மெல்ல ஏறியது. நடுங்கியது. இறங்கியது. மறுபடி ஏறியது. சில நாளில் உச்சந்தலையைத் தொட்டேவிட்டது.

அண்ணன் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்து, "அற்புதம்!" என்று கத்தினான். தலை அற்புதமாக இல்லை என்பது வேறு விஷயம்.

விவகாரம் சாப்பாட்டு மேஜையில் கிளம்பியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த அம்மா தட்டைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். "என்னடி இது, தட்டு தாடைக்கு வருது? நான் குள்ளமாயிட்டேனா?"

"வயசானா சுருங்கறது சகஜம்மா" என்றேன்.

அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பார்த்தாள். அப்பா வேறு பழைய ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "பல்லே இல்லையே, யார் இதை மென்னது?" என்றார். நான் தண்ணீர் குடித்தேன். நிறைய.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை இன்னும் நடுங்குகிறதே என்று இன்னொரு விரற்கடை அறுத்தேன். இந்தத் தடவை அண்ணி என் தலையைக் கேட்டாள். போர்வையை மடித்து நாற்காலியில் போட்டு, "கட்டை நாற்காலி, உனக்கு வலிக்கும். இது மேல உக்காரு" என்றாள். என் மேல் இவ்வளவு கரிசனமா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

முழுத் தலையையும் முடித்தாள். கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, "நாளைக்குக் கடைக்குப் போறேன்" என்றாள்.

வீடே குதித்தது. நான் மட்டும் குதிக்காமல் அறுத்த நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் நாற்காலியின் காலை யார் அறுப்பது? முதலாளியம்மா கண் முன்னால், கண்ணாடி முன்னால், அண்ணியின் கை பாதியில் நின்றுபோனால்? 'வணக்கம், சொல்லுங்க'தான். அதுவும் என் கைங்கரியத்தால்.

காலையில் எழுந்ததும் கத்தரிக்கோல் பையை அரிசி டப்பாவில் ஒளித்தேன். அண்ணி நேராகப் போய் அரிசி டப்பாவைத் திறந்தாள். வாசல் செருப்பை மாடியில் கொண்டு வைத்தேன். அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டாள். வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தேன். "சரி, நீ இரு. எதிர்வீட்டு அம்மா தலையத் தர்றேன்னாங்க" என்றாள். துள்ளி எழுந்தேன். வேறு தலை உட்கார்ந்தால் விறைப்பாக உட்காரும். என் தலையென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கும்.

"என் தலைதான் வரும்" என்றேன். "நல்லா வாரி வச்சிருக்கேன்."

"கோழி கிளறின மாதிரி இருக்கு. வா" என்றாள்.

கடையில் முதலாளியம்மா கைகட்டி நின்றாள். மற்ற நாற்காலிக்காரிகள் வேலை செய்வதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு கண்ணாடி வழியாக எங்களையே பார்த்தார்கள். அண்ணன் வெளியே வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். அண்ணி என் கழுத்தில் துணியைக் கட்டினாள். நான் அதற்குள்ளேயே வேலையை ஆரம்பித்தேன். இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து, நத்தை ஓட்டுக்குள் போகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கினேன்.

தாடைக்கடியில் ஒரு கை வந்தது. இடது கை. என்னைக் கொத்தாக மேலே தூக்கி நிறுத்தியது.

"நிமிர்ந்து உக்காருடி" என்று முதலாளியம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு சீவுகிற சாக்கில் குனிந்து, என் காதுக்கு மட்டும்: "இந்த நாற்காலிக்குக் கால் தடிசு. அறுக்க முடியாது."

கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினேன்.

மேலங்கிப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து என் மடியில், துணிக்கு மேலே போட்டாள். கிணுகிணுவென்று விழுந்தன. என் இரும்பு வளையங்கள். அத்தனையும்.

"அன்னிக்கு நான் வாசல்ல நுழையறப்ப நீ புத்தகப்பையத் திறந்த சத்தம் கேட்டுச்சு" என்றாள் காதருகில். "கனவோன்னு நினைச்சேன். போய்ப் பாத்தேன்."

"அப்ப... வெறுங்கால்?"

"நீ எவ்வளவு அறுத்தியோ அவ்வளவு கனம்தான் என் செருப்போட அடி."

"போர்வை?"

"ரெண்டாவது தடவைக்கு. பேசாம உக்காரு, கோணிடும்."

வலது கை ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, நடுங்கி, ஒரு கணம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். கை நடுங்கிக்கொண்டே ஏறி, என் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. சக். முடி பின்னால் தரையில் விழுந்தது. சக், சக். வீட்டில் வெறும் காற்றில் கேட்ட அதே சத்தம்தான்.

முதலாளியம்மா கட்டின கையை அவிழ்த்துவிட்டு, "முன்னாடி மேஜைக்கு வேற ஆள் பாக்கணும்" என்று போய்விட்டாள்.

"வளையத்தையெல்லாம் மாமாகிட்ட குடுத்து ஒட்டச் சொல்லு" என்றாள் அண்ணி, பின்கழுத்தை ஒதுக்கிக்கொண்டே. "அத்தை பாவம், குள்ளமாயிட்டேன்னு தூங்கறதே இல்ல."

தலையாட்டக் கூடாது என்பதால் நான் அசையாமல் இருந்தேன். ஆனால் கண்ணாடி கலங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. துணிக்குள்ளிருந்து கையை எடுத்து வேகமாகக் கண்ணைத் துடைத்தேன்.

"என்னடி?"

"கண்ணுல முடி விழுந்துடுச்சு அண்ணி."

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் அண்ணி என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னும் முன்பக்கம் வெட்டவே ஆரம்பிக்கலையேடி வாலு."