எல்லைக் கல்லும் நெருப்பு எஞ்சினும்

போன வாரம் வேலூரில் ஒரு டீக்கடை வாசலில் தீயணைப்பு லாரி நின்றிருந்தது. எங்கேயோ போய்விட்டுத் திரும்புகிறார்கள் போலிருக்கிறது. சட்டையெல்லாம் நனைந்த ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வயதானால் வாய் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் நின்ற பையனைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, நெருப்பு இல்லாத நாள்ல உங்களுக்கு இன்னா வேலை?"

"எப்ப வரும்னு ரெடியா குந்திக்கினு இருக்கறதுதான் வேலை பெரியவரே," என்று சிரித்தான். "அதுக்கும் சேத்துதான் கவர்மெண்ட் சம்பளம் குடுக்குது."

எனக்குப் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? காத்திருப்பதற்கே சம்பளம் வாங்கும் ஆளை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். லாரியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருந்த கான்வாஸ் குழாயைத் தொட்டு, முகர்ந்தும் பார்த்தேன். பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். எங்கள் குழாய்க்கு விளக்கெண்ணெய் வாசனை.

அப்போது வெள்ளைக்காரன் காலம், எனக்கு இருபத்து நான்கு வயது. ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊரின் முனிசிபாலிட்டியில் தற்காலிகக் குமாஸ்தா. ஊர்ப் பெயர் வேண்டாம், சேர்மனின் பேரன்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மதராஸ் பட்டணத்தில் மோட்டார் எஞ்சினும் பித்தளைத் தொப்பி வைத்த ஆட்களும் இருப்பதாகக் கேள்வி. மாகாணத்தின் மற்ற ஊர்களுக்கெல்லாம் அவரவர் நெருப்பு அவரவர் பாடு. சட்டப்படி ஒரு முனிசிபாலிட்டி இஷ்டப்பட்டால் எஞ்சின் வைத்துக்கொள்ளலாம், இஷ்டமில்லை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். எங்களுக்கு முன்னாலிருந்த ஏதோ ஒரு சேர்மன் இஷ்டப்பட்டு வாங்கிவிட்டார். அதற்கு ஆள் வைக்கும் இஷ்டம் அவருக்குப் பின்னால் வந்த யாருக்கும் வரவில்லை.

எஞ்சின் என்றதும் புகை விடும் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு சக்கரத்தின்மேல் ஒரு செம்புத் தொட்டி, இரண்டு பக்கமும் நீளமான கைப்பிடி. பக்கத்துக்கு நாலு பேர் நின்று ஏற்றம் மிதிக்கிற மாதிரி மேலும் கீழும் அடிக்க வேண்டும். அந்த எட்டுப் பேரில் நாலு பேர் தண்ணீர் வண்டிக்காரர்கள், இரண்டு பேர் தெருவிளக்கு ஏற்றுகிறவர்கள், மீதி இரண்டு பேர் தெருக் கூட்டுகிறவர்கள். இழுப்பது குப்பை வண்டி மாடுகள். ஆகவே எங்கள் ஊரில் நெருப்புப் பிடிப்பதென்றால் குப்பை அள்ளி முடித்து, விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் தலைவர் ஞானமுத்து மேஸ்திரி. தண்ணீர் வண்டிகளுக்கு மேஸ்திரி, அதோடு ஒட்டுப்போட்டதுபோல் நெருப்புக்கும் மேஸ்திரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான்.

சீமையிலிருந்து வந்த தோல் குழாய்க்கு மாதம் ஒரு தடவை விளக்கெண்ணெய் தடவி வெயில் படாமல் சுருட்டி வைப்பார். "நம்ம ஊர்த் தோலாத்தான் இருக்கும் ஐயா. கப்பல் ஏறிப் போயி, குழாயாகித் திரும்பி வந்துருக்குது," என்று தடவிக்கொண்டே சொல்வார். எண்ணெய்க்கு வருஷா வருஷம் ஆடிட்டர் ஆட்சேபம் எழுதுவார்: நெருப்பே பிடிக்காத வருஷத்தில் நெருப்பு எஞ்சினுக்கு எண்ணெய் எதற்கு? அதற்குச் சமாதானம் எழுதுவது என் வேலை. நன்றாகவே எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஊரின் மேற்குக் கோடியில் முனிசிபல் எல்லைக் கல். கல்லைத் தாண்டினால் தோல் பதனிடும் ஷாப்புகள். நாற்றம் ஊருக்குள் வரக்கூடாது என்று நாங்கள் வெளியே வைத்தோம், வரி தங்கள் பக்கம் வரக்கூடாது என்று அவர்களும் சந்தோஷமாக வெளியே இருந்தார்கள். அங்கே தோல் ஷாப் வேலைக்காரர்களின் குடிசைகள் நாற்பது இருக்கும். கல்லுக்கு அப்பால் தாலுகா போர்டு ராஜ்யம். அவர்களிடம் எஞ்சின் கிடையாது. முனிசிபல் எஞ்சின் சேர்மனின் எழுத்து உத்தரவு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது என்பது விதி. எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா ஒருதரம் தாண்ட விட்டு வேலையை இழந்தவர். அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

சித்திரை மாதம், உச்சி வெயில். ஞானமுத்து ஓடிவந்தார். தலையில் துண்டு இல்லை.

"ஐயா, பட்டைக் கிடங்கு பத்திக்கிச்சு. காத்து எங்க குடிசைங்க பக்கம் அடிக்குது. கொட்டகைச் சாவி குடுங்க."

தோல் பதனிட ஆவாரம்பட்டை மலைபோல் குவிந்திருக்கும் கிடங்கு அது. சித்திரை வெயிலில் அது பற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய குடிசையும் அந்த நாற்பதில் ஒன்று. மனைவி ரோசம்மா பிள்ளை பெற்று ஒன்பது நாள். ஆண் குழந்தை. முதல் நாள்தான் ஆபீசில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்திருந்தார்.

சேர்மன் வேலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். சாயங்கால ரயிலில்தான் வருவார். நான் சாவியைக் கொடுத்தேனா? கொடுப்பதற்கு முன்னால் விதிப் புத்தகத்தை எடுத்தேன். ஞானமுத்து என் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கம் புரட்டினேன். 

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதை நினைத்து அந்தக் கணம் நான் பூரித்துப்போனேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். எஞ்சின்தானே எல்லை தாண்டக்கூடாது? குழாய் தாண்டக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லையே!

"கல்லுக்கு இந்தாண்ட எஞ்சினை நிறுத்து. குழாயை அந்தாண்ட இழுத்துக்கோ," என்று சாவியைக் கொடுத்தேன்.

மத்தியான நேரமானதால் மாடுகள் கொட்டடியில்தான் இருந்தன. எட்டுப் பேரில் ஆறு பேர் கிடைத்தார்கள். தண்ணீர் வண்டிகள் பின்னால் வர, நானும் கூடவே ஓடினேன். கல்லுக்கு ஒரு முழம் இப்பால் எஞ்சினை நிறுத்தினார்கள். குழாயை இழுத்துக்கொண்டு ஞானமுத்து ஓடினார். குழாய் விறைத்து நின்றது. தண்ணீர் பீறிட்டது. முதல் குடிசைக்கு நாற்பது அடி முன்னால், வெறும் தரையில் விழுந்தது.

ஞானமுத்து திரும்பிப் பார்த்துக் கத்தினார். "ஐயா! எட்டலீங்க! வண்டியக் கொஞ்சம் தள்ளச் சொல்லட்டுமா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். அந்த வயதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை.   மேற்கே பார்த்தேன், கல்லைப் பார்த்தேன், மறுபடியும் ஞானமுத்துவைப் பார்த்தேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. குழாயைக் கீழே போட்டுவிட்டு நெருப்பைப் பார்த்து ஓடினார்.

அங்கே தோல் ஷாப் ஆட்கள் ஊறல் தொட்டியிலிருந்து எருமைத் தோல்களைச் சொட்டச் சொட்ட இழுத்துப் போர்த்திக்கொண்டு குடிசைகளுக்குள் புகுந்துகொண்டிருந்தார்கள். ஞானமுத்துவும் ஒன்றைப் போர்த்திக்கொண்டார். அந்தப் புகைக்குள் எருமைகள் எழுந்து நடமாடுகிற மாதிரி இருந்தது. ரோசம்மா ஈரத் தோலுக்குள்ளிருந்து குழந்தையோடு வெளியே வந்தாள். எல்லோரும் வந்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதில் என்னால் தாங்க முடியாதது எது தெரியுமா? நிறுத்து என்று நான் உட்பட யாரும் சொல்லாததால், எஞ்சினடியில் நின்ற ஆறு பேரும் கடைசிவரை பம்ப் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கொண்டுவந்த தண்ணீரெல்லாம் அந்த நாற்பது அடித் தரையில் கொட்டியது. குடிசைகள் சாம்பலானபோது அந்த இடம் நாற்று நடலாம் போல் சேறாகியிருந்தது. 

சேர்மன் திரும்பி வந்து விசாரித்தார். "எல்லையும் மீறல, சும்மாவும் இருக்கல. பேஷ்!" என்று முதுகில் தட்டினார். அந்த மாதமே என் வேலை நிரந்தரமாயிற்று. கல்யாணமும் நடந்தது.

குடிசை இருந்த இடம் தோல் ஷாப்புக்குச் சொந்தம். பட்டை உலர்த்த இடம் வேண்டும் என்று மறுபடி கட்ட விடவில்லை. சில குடும்பங்கள் பேரணாம்பட்டுக்குப் போயின, சில கோலார் தங்கவயலுக்கு. ஞானமுத்துவும் கோலாருக்குத்தான். போவதற்கு முந்தைய நாள் கொட்டகைச் சாவியை என் மேஜையில் வைத்தார்.

"குழாய்க்கு எண்ணெ போட்டுட்டேன் ஐயா. அடுத்த மாசம் யாரையாவது போடச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அந்த எஞ்சின் பிறகு செம்பு விலைக்குப் போயிற்று. இப்போது தோல் பதனிட ஆவாரம்பட்டையும் அவ்வளவாக வேண்டாமாம், ஏதோ மருந்து போடுகிறார்களாம். அந்த வாசனையும் போய்விட்டது.

நெருப்புக்குப் பிறகு மூன்றாம் வருஷம் கவுன்சில் கூடி, இனி இப்படியொரு துயரம் நேரக்கூடாது என்று, எல்லையை மேற்கே தள்ளித் தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியது நான். புதுக் கல் நடும் அன்று சர்வேயரோடு போனதும் நான்தான். அவர் கையில் அச்சடித்த பாரம் ஒன்று. அதை நிரப்பிக்கொண்டே வந்தவர், பட்டை காய்ந்துகொண்டிருந்த அந்தக் களத்தில் நின்று கேட்டார்.

"புதுசா சேர்ற எடத்துல குடியிருப்பு எவ்ளோ?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

எழுதிக்கொண்டார்.