இருபத்திரண்டரை

"டேப் பதினேழு. மூங்கிலுக்குப் பின்னாடி புதர். மணி ஆறு இருபது. வெப்பம் இருபத்திரண்டரை."

அரங்கத்தின் ஒலிபெருக்கியிலிருந்து இறங்கி வந்த அந்தக் குரல் என்னுடையது. இருபத்துநான்கு வயதுக் குரல். மெலிந்தது, ஜலதோஷம் பிடித்தது, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தணிந்து பேசுவது. குரல் நின்றதும் கேசட்டின் இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சுவர்க்கோழி. கிரீக், கிரீக், கிரீக் என்று அது தொடங்கிய நொடியில் ஈர இலையின் வாசனை, உண்ணிச்செடியைக் கையால் விலக்கும்போது கிளம்பும் அந்தக் காரமான பச்சை வாசனை, ஏ.சி. ஓடும் மூடிய கூடத்தில், எனக்கு மட்டும்.

மேடையில் ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்செட்காரருக்கு ஒலி அளவு பிடிக்கவில்லை, திரும்ப ஓடவிட்டார். வெப்பம் இருபத்திரண்டரை. கொஞ்சம் கூட்டி, மறுபடி. வெப்பம் இருபத்திரண்டரை. காலி நாற்காலிகளின் மேல் என் எண் வந்து வந்து விழுந்தது. கதவருகிலேயே நின்றுவிட்டேன். அந்த எண் பொய். அன்றைக்கு என் கையில் தெர்மாமீட்டரே கிடையாது.

பெங்களூரில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, முடிக்காமல் விட்டுப்போன ஆய்வுப் பள்ளி அது. இப்போது அதற்குப் பொன்விழா. இரண்டு நாள் சொற்பொழிவுகள், பழைய மாணவர் கூட்டம், மரத்துக்கு மரம் சரவிளக்கு. பதிவு மேசையில் இருந்த பெண்மணி பட்டியலில் என்னைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "சார், எந்த வருஷம் முடிச்சீங்க?" என்றார்.

"முடிக்கலைங்க."

"அப்போ கெஸ்டா?"

"மூணு வருஷம் இங்கேதான் இருந்தேன்."

அவர் மூன்று நிற அட்டைகளை மாறி மாறிப் பார்த்தார். பழைய மாணவருக்கு நீலம், பேச்சாளருக்குச் சிவப்பு, கூட வந்தவர்களுக்கு மஞ்சள். "பேஜார் பண்ணிக்காதீங்க சார், ஊட்டா, சாப்பாடு, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று மஞ்சளை மாட்டிவிட்டார். அதில் 'குடும்பத்தினர்' என்று இருந்தது. யாருடைய குடும்பம் என்று போடவில்லை.

என்னை வரச்சொன்னவள் என்னோடு அதே பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த தோழி. பெங்களூர் ஒக்கலிபுரத்துக்காரி, மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் கோபித்துத் தமிழில் சமாதானம் ஆவாள். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் கிடைத்த வேலைக்கு ஓடிப்போனேன். அவள் பட்டம் வாங்கி, எங்கெங்கோ போய்த் திரும்பி, அதே பள்ளியில் பேராசிரியர் ஆனாள். பொன்விழாவின் முதல் சொற்பொழிவு அவளுடையது. "நீ வந்தே ஆகணும். உனக்கு ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

சர்ப்ரைஸ் கூடம் முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது.

சுவர்க்கோழியின் பாட்டைப் பதிவு செய்பவர்கள், பாட்டுக்கு முன்னால் தங்கள் குரலில் இடமும் நேரமும் வெப்பமும் சொல்ல வேண்டும். வெப்பம்தான் முக்கியம். காற்று குளிர்ந்தால் அந்தப் பூச்சி மெதுவாகப் பாடும், சூடானால் வேகமாக. ஒரு டிகிரி தெரியாவிட்டால் அந்தப் பாட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மற்றவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். எனக்குப் பூச்சிகளுக்கு முன்னால் இங்கிலீஷ் பேசக் கூச்சம். தமிழில் சொல்வேன், எங்கள் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது, தோழிதான் கேட்டு எழுதிக்கொடுப்பாள்.

சேர்ந்த வருடம், தீபாவளிக்கு மறுவாரம், தெர்மாமீட்டர் என் கையிலிருந்து பாறையில் விழுந்தது. பாதரசம் சருகுக்கடியில் உருண்டு உருண்டு ஓடியதை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். பேராசிரியர் தன் மாணவ நாளிலிருந்து பத்திரப்படுத்திய கருவி அது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் வேறு எதற்கோ கோபமாக இருந்தார். அதற்கு மறுநாள் ஊருக்குப் போய்விட்டார். அப்படியே அந்தக் குளிர்காலம் முழுக்க ஒன்பது கேசட், வெப்பத்தை என் தோலைக் கேட்டுச் சொன்னேன். என் தோலுக்குப் பெங்களூர் சாயங்காலம் என்றால் இருபத்திரண்டு. சந்தேகம் வராமல் இருக்க அங்கங்கே அரை சேர்த்தேன், சில நாள் அரை குறைத்தேன்.

பேராசிரியர் இப்போது இல்லை. கேசட்டுகள் இருந்தன.

அவளைப் பின்பக்க வராந்தாவில் பிடித்தேன். பட்டுப்புடவை, கழுத்தில் சிவப்பு அட்டை, ஒரு கையில் காபி, மறு கையில் மடிக்கணினி.

"கேட்டியாடா உன் வாய்ஸை? குட்டிப் பையன் மாதிரி! அது என்ன கழுத்துல, குடும்பத்தினரா? யாருக்குடா நீ குடும்பம்?"

"பேச்சு எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணரை. ஏன், மூஞ்சி இப்படி இருக்கு? தோசை சரியில்லையா?"

"அந்த டேப்பை வெச்சு என்ன சொல்லப்போறே?"

சொன்னாள். போன வருடம் வெளிவந்த அவள் கட்டுரையின் சாரம். குளிர்காலத்தில் மட்டும் பாடும் அந்தச் சுவர்க்கோழியை அவள் இந்த மூன்று வருடங்களாக அதே மூங்கிலடியில் பதிவு செய்திருக்கிறாள். வளாகத்தின் மதிலுக்கு அப்பால் இப்போது மேம்பாலம், மெட்ரோ, விடாத ஹாரன். அன்றைய டேப்பில் இருபத்திரண்டரை டிகிரியில் நிதானமாகப் பாடிய பூச்சி, இன்று அதே வெப்பத்தில் ஏகத்துக்கு வேகமாகப் பாடுகிறது. நகரம் அதன் பாட்டையே மாற்றிவிட்டது. சொற்பொழிவின் தலைப்பும் அதுதான்: நகரம் மாற்றிய பாட்டு.

"அந்த இருபத்திரண்டரை நான் அடிச்சு விட்டது" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தாள்.

தெர்மாமீட்டர் கதையைச் சொல்லி முடிக்கும்வரை காபியைக் கையிலேயே வைத்திருந்தாள். காபியில் ஆடை படிந்துவிட்டது.

"ஒன்பதுமா?"

"ஒன்பதும்."

"பாவி. சும்னே, வெறும் இருபத்திரண்டுன்னு சொல்லியிருந்தா எனக்கு டவுட் வந்திருக்கும்டா. அந்த அரை எதுக்கு?"

"நம்பற மாதிரி இருக்கட்டும்னு."

"நம்பினேனே! நான்தானேடா எழுதினேன், என் கையால!" யாரோ ஒரு பழைய மாணவர் குடும்பத்தோடு கடந்துபோனார், அவளுக்கு வணக்கம் வைத்தார். அவளும் வைத்தாள், சிரித்த முகத்தோடு. அவர் முதுகு மறைந்ததும் முகம் பழையபடி ஆனது. "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. ஒண்ணு சொல்லு. நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"ம்" என்றாள். அவ்வளவுதான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் படியில் அப்படியே உட்கார்ந்து, பட்டுப்புடவை மண்ணில் புரள, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்த பதினேழாம் டேப்பை ஓடவிட்டுக் கண்ணை மூடினாள்.

அவள் கேட்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. புருவம் மெல்ல ஏறியது. ஹெட்போனின் ஒரு காதைப் பிடுங்கி என் காதில் அழுத்தினாள்.

"முன்னாடி பாடறவனை விடு. பின்னாடி, தூரத்துல, இன்னொருத்தன் இருக்கான். கேக்குதா?"

முதலில் கேட்கவில்லை. பிறகு, கேசட் இரைச்சலுக்கும் சுவர்க்கோழிக்கும் நடுவே, மரத்தின் மேலிருந்து ஊசி முனையால் தட்டுவது போல ஒரு தனித் தாளம். அந்த மூன்று வருடங்களும் அதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

"அவன் மரத்துல இருக்கிறவன். வருஷம் பூரா பாடுவான். நீ ஜூலைலருந்து தெர்மாமீட்டர் உடையறவரைக்கும் எடுத்த டேப்பு எல்லாத்துலயும் இருக்கான். அந்த டேப்புல வெப்பம் உண்மைதானே?"

"சத்தியமா உண்மை."

"உன் சத்தியம்!" என்று முறைத்தாள். ஆனால் விரல்கள் ஏற்கெனவே விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. உண்மையான வெப்பம் சொன்ன டேப்புகளில் மரத்துக்காரன் எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் பாடினான் என்று ஒரு கோடு போட்டாள். பிறகு என் ஒன்பது பொய் டேப்புகளிலும் அவனை மட்டும் பிரித்தெடுத்து, அவன் வேகத்தை அந்தக் கோட்டில் வைத்து, அன்றைய வெப்பத்தை அவனிடமே கேட்டாள்.

பதினேழாம் டேப்: பத்தொன்பது. அடுத்தது பதினெட்டரை. அடுத்தது பத்தொன்பது. ஒன்று பதினெட்டு.

நான் பொய் சொல்லிக்கொண்டிருந்த அதே நிமிடத்தில், என் தலைக்கு மேல், நகத்தளவு இருக்கும் ஒரு பூச்சி உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒலிவாங்கியை அதன் பக்கம் திருப்பக்கூட இல்லை. இருந்தும் அதன் சாட்சி என் டேப்பிலேயே ஏறியிருக்கிறது, என் குரலுக்கு அடுத்த பக்கத்தில், பெட்டியில், அலமாரியில், இத்தனை வருடமும் யாராவது கேட்கட்டும் என்று.

அவள் கடைசியாகத் தன் பழைய படத்தைத் திறந்தாள். இன்றைய சுவர்க்கோழிகளின் புள்ளிகள் ஒரு கோட்டில் ஏறிப்போக, அன்றைய ஒன்பது புள்ளிகள் அதிலிருந்து விலகிக் கூட்டமாகத் தள்ளி நின்றன. அந்த விலகல்தான் அவள் கண்டுபிடிப்பு. புதிய வெப்பங்களை உள்ளே போட்டாள். ஒன்பதும் ஒரே நகர்வில் இடப்பக்கம் சறுக்கி, இன்றைய கோட்டின் மேல் போய் உட்கார்ந்தன.

வராந்தாவுக்கு வெளியே யாரோ பழைய நண்பர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மாறவே இல்லடா" என்றாள். மூன்று வருட வேலை, வெளிவந்த கட்டுரை, இன்னும் முக்கால் மணி நேரத்தில் நிரம்பப்போகும் அரங்கம். "அது மாறவே இல்ல."

அவள் குரலில் இருந்தது துக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பதினொன்றரைக்குக் கூடம் நிறைந்திருந்தது. முதல் அணியில் படித்த நரைத்தவர்கள் முன்வரிசையில், நீல அட்டைகள் அலை அலையாக, பின்னால் எங்கள் மஞ்சள்கள், அழும் குழந்தைகளோடு. தலைப்பு திரையில் விழுந்தது. அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். இங்கே நான் தமிழில் சொல்கிறேன்.

"இந்தத் தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. 'மாற்றிய' என்று இருக்கிறது. 'மாற்றாத' என்று இருக்க வேண்டும். என் கட்டுரை தவறு. இது எனக்கு இன்று காலை தெரிந்தது."

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவள் என் குரலை ஓடவிட்டாள். வெப்பம் இருபத்திரண்டரை. "இந்த எண்ணைச் சொன்னவரே வந்து, இது கற்பனை என்று சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். பயத்தில் சொன்ன எண்ணாம். மாணவராக இருந்த எல்லோருக்கும் அந்தப் பயம் தெரியும்." முன்வரிசையில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசையே சிரித்தது, ஏதோ தங்களுடைய உடைந்த தெர்மாமீட்டர்களை எல்லாம் நினைத்துக்கொண்டதுபோல. யாரும் திரும்பி என்னைத் தேடவில்லை.

பிறகு விளக்கைக் குறைக்கச் சொன்னாள். இடது ஒலிபெருக்கியில் என் பதினேழாம் டேப். வலதில், போன ஜனவரியில் ஒரு பத்தொன்பது டிகிரி சாயங்காலத்தில், மேம்பால இரைச்சலோடு அவள் எடுத்த பதிவு. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டாள். கிரீக், கிரீக். சற்று நேரம் ஒன்றை ஒன்று துரத்தின. பிறகு, எப்போது என்று சொல்ல முடியாமல், ஒன்றாக ஒட்டிக்கொண்டன, ஒரே பூச்சியாக, மறுபடி மெல்ல விலகின, மறுபடி சேர்ந்தன. மதிலுக்கு அப்பால் ஒரு நகரத்தையே இடித்துக் கட்டியிருக்கிறார்கள், நாங்கள் ஆள் மாறியிருக்கிறோம், குரல் மாறியிருக்கிறது, கேசட் என்ற பொருளே கடையில் இல்லை. அந்தப் பூச்சியோ எத்தனையோ தலைமுறை பிறந்து செத்தும், பத்தொன்பது டிகிரி என்றால் இவ்வளவுதான் என்று, அதே இடைவெளியில், அதே பொறுமையில். குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தியிருந்தன. அவளைப் பார்த்தேன். அரையிருட்டில், தன் கண்டுபிடிப்பு கரைந்துபோவதை இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து நின்றாள். வராந்தாவில் நான் துக்கம் என்று நினைத்தது துக்கம் இல்லை.

சாப்பாட்டில் பிசிபேளே பாத், பூந்தி, வரிசை வரிசையாக அவளைச் சூழ்ந்த கேள்விகள். ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் தட்டோடு மூங்கிலடிவரை நடந்துவிட்டு வந்தேன்.

மாலையில் கேட்டுவரை வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு. வீட்டுக்குப் போக, ஹெப்பகோடி பக்கத்துக்கு நான் அழைத்திருந்த வாடகைக் கார் சிக்னலில் நிற்பதைக் காட்டினேன்.

"பத்திரிகைக்குத் திருத்தம் எழுதணும்" என்றாள். "ஒன்பது டேப்பு, தப்பு யாரோடது, எப்படின்னு எல்லாம் விவரமா கேப்பாங்க. 'முன்னாள் மாணவர் ஒருவர்'னு போட்டுடலாம். பேரு வேண்டாம். ஓகேவா?"

வண்டி வந்து நின்றது. கதவைத் திறந்தேன். மூன்று வருடம் இருந்தும் என் பெயர் அந்தப் பள்ளியின் எந்தத் தாளிலும் அச்சாகவில்லை.

"பேரைப் போடு" என்றேன்.

"ஹௌதா, நிஜமாவா? தப்புக்குடா, பரிசுக்கு இல்ல. நாளைக்கு யாரு தேடினாலும் அதுதான் வரும்."

"வரட்டும். இனிஷியலோட போடு."