பதினொரு பணியாரமும் தலைவர் எழுதிய புத்தகமும்

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாகப் போய் வந்தேன். சாமி கும்பிட இல்லை. எங்கள் பக்கத்துத் தலைவர் ஒருவர் (பேரும் வேண்டாம், கட்சியும் வேண்டாம்) தன் அனுபவத்தையெல்லாம் கடவுள், உழைப்பு, அரசாங்கம், ஒழுக்கம் என்று நாலு பாகமாகப் புத்தகம் போட்டிருக்கிறார். அதற்கு அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம்.

ஒழுக்கத்தில் நான் வருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மூன்று நாள் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘செட்டியார்பட்டியில் ஓட்டுக் கேட்கப் போனபோது, கந்தல் சேலை கட்டிய கிழவி ஒருத்தி கூழ் கொடுத்தாள். எளிமையை அன்று கற்றேன்.’

அன்றைக்கு எங்கள் ஊரில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டது எங்கள் வீட்டில் மட்டும்தான். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கட்டியிருந்தது பச்சைச் சுங்குடி, வாங்கி ஒன்பது நாள். கொடுத்தது கருப்பட்டிப் பணியாரம். பதினொன்று தின்றார். இப்போது பக்கத்து வீட்டுக்காரி, “ஏக்கா, வீட்டுக்கு வந்தவியளுக்குக் கூழா ஊத்துன?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிக்கிறாள். அந்தக் கூழைப் பணியாரமாக்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒன்பது பத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பன்னிரண்டு கிலோமீட்டர் போக முப்பத்தைந்து நிமிடம். இறங்கியதும் ஆட்டோ, அறுபது ரூபாய். எண்பது கேட்பார்கள், இறங்குகிற மாதிரி ஒரு காலை வெளியே வையுங்கள்.

“கோயிலுக்கா ஆச்சி?” என்றான் டிரைவர்.

“இல்லலே, சண்டைக்குப் போறேன்.”

“அப்பம் வெயிட்டிங்ல நிக்கட்டுமா? சீக்கிரம் கெளம்ப வேண்டி வருமே!”

மண்டபத்தில் தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். உழைப்பைப் பற்றிப் பேசும்போது பின்னால் ஒருத்தன் அவருக்கு விசிறிக்கொண்டு நின்றான். அரசாங்கம் மக்களின் வேலைக்காரன் என்றார். எங்கள் தெருக் குழாய்க்கு அந்த வேலைக்காரன் இன்னும் வரவில்லை. “செட்டியார்பட்டியில ஓட்டுக் கேட்டேனே, அந்தத் தேர்தல்ல தோத்தப்பதான்யா கடவுள் இருக்காருன்னே தெரிஞ்சது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டேன்.

கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

“பேரு சொல்லுங்கம்மா.”

“கந்தல் சேலைக் கிழவின்னு எழுதுங்க தம்பி.”

பேனா நின்றது. என் முகத்தையே பார்த்தார். “செட்டியார்பட்டி அக்காவா?”

“அன்னைக்கு கூழா குடிச்சிய?”

“பணியாரம்க்கா. எழுதிக் குடுத்தவன், கூழுன்னாத்தான் எடுப்பா இருக்கும்னு மாத்திப்புட்டான்.”

“அட்டையில இருக்கது அவன் மூஞ்சியா, ஒங்க மூஞ்சியா? மைக்குல சொல்லுங்க.”

“சொல்லுதேன். நீங்களும் ஒண்ணு சொல்லணும். ‘ஓட்டு ஒனக்குத்தான் தம்பி’ன்னு பணியாரச் சட்டி மேல கைய வச்சுச் சொன்னிய. ஓட்டு எண்ணுன அன்னைக்கு, ஜெயிச்சவருக்காக ஒங்க வாசல்ல ஆயிரம்வாலா போட்டது யாரு? நான் வேன்ல இருந்து பாத்தேன்.”

இதை உங்களிடம் நான் முன்னாலேயே சொல்லவில்லை. மறந்ததால் அல்ல.

அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். “என் ஒழுக்கத்துல ஒரு பொய் இருக்குய்யா. அது கூழ் இல்ல, பணியாரம். அக்கா கிழவியும் இல்ல, சேல கந்தலும் இல்ல.” சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இத்தனை பேருக்கு முன்னால் நான் பேசியதே இல்லை. “ஓட்ட மாத்திப் போட்டது நெசம்தான்” என்றேன். “ஆனா பணியாரத்துல நான் ஒரு குறையும் வைக்கல.” மண்டபமே கைதட்டியது. தலைவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். புத்தகத்தில் ஏதோ திருத்தி எழுதிக் கையில் கொடுத்தார்.

போகிறவர்கள் கவனிக்க: பால்கோவாவை மதியத்துக்குள் வாங்குங்கள், சூடு ஆறியிருக்காது. கால் கிலோ நூறு ரூபாய் கொடுத்தேன். அரசியல் கூட்டத்துக்குப் போனால் தண்ணீர் நீங்களே கொண்டு போங்கள். யார் மேலாவது கோபமாகப் போனால், அவர்கள் பக்கம் என்ன இருக்கிறது என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன். கூழை அடித்துவிட்டு, மேலே பச்சை மையில் ‘பன்னிரண்டு பணியாரம்’ என்று எழுதியிருந்தார்.

பதினொன்று. அடுத்த கூட்டம் சிவகாசியிலாம். பஸ் நேரம் விசாரித்துவிட்டேன்.