ஏரி தேடிய மூன்று வாரம்

அக்கா போன் செய்தபோது நான் லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாசி மாதக் கடைசி. வெயில் அப்போதுதான் சுடத் தொடங்கியிருந்தது.

"உங்க மாமா ஏரிக்கு மீன் புடிக்கப் போவணும்னு சொல்லிக்கினே இருக்காரு. முட்டி ஆபரேஷன் பண்ண ஆளு, தனியா அனுப்ப பயமா இருக்கு. நீ கூடப் போறியா?"

மாமா என்றால் அக்காவின் கணவர். எங்கள் இருவருக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மார்க்கெட்டுக்குப் போகும்போது துணைக்குக் கூப்பிடுவதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள். நானும் ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே, "சரி, ஞாயித்துக்கெழம வரேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பேச்சு நின்றதற்குக் காரணம் அம்மா. பன்னிரண்டு வருடம் நான் குவைத்தில் வேலை பார்த்தேன். அம்மா அக்கா வீட்டில் இருந்தார். சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கடைசியில் ஐசியூவில் பதினோரு நாள். இனி குழாய் போட்டு மூச்சு கொடுக்கலாம், ஆனால் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மாமா கையெழுத்துப் போட்டு அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் விடிவதற்குள் அம்மா போய்விட்டார். செய்தி கேட்டதும் நான் போனில் மாமாவிடம் சொன்னேன்: "கையெழுத்துப் போட்டு எங்கம்மாவ கொன்னுட்டீங்க."

அடக்கத்தின்போது கல்லறையின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒரு வருடம் கழித்து நான் ஒரேயடியாக ஊர் திரும்பினேன். கோவிலிலோ கல்யாண வீட்டிலோ பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான்.

மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற டிராப்ட்ஸ்மேன். மேசைமேல் வெள்ளைத் தாள், ஸ்கேல், கூர்மையாகச் சீவிய மூன்று பென்சில். அக்கா காபி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எந்த ஏரின்னு முடிவு பண்ணிட்டியா?" என்றார்.

"நீங்கதான மாமா ஏரிக்குப் போவணும்னு சொன்னீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் தேவைக்கு மேல் பலமாகக் கேட்டது. அவரிடம் நான் ஆசைப்படுவதாகவும், என்னிடம் அவர் ஆசைப்படுவதாகவும் அக்கா சொல்லியிருக்கிறாள் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் மாமா ஒரு பென்சிலை எடுத்து, தாளின் மூலையில் ஓர் அம்புக்குறி போட்டார்.

"வடக்கு இது. மொதல்ல ஏரியப் பாப்போம்."

முன்பு, நான் விடுமுறையில் வரும்போதெல்லாம், தேங்காய்த்திட்டுப் பக்கம் முகத்துவாரத்துப் பாறைகளில் உட்கார்ந்து இருவரும் தூண்டில் போட்டிருக்கிறோம். இப்போது அவர் முட்டிக்குப் பாறை ஆகாது. அதனால் ஏரிதான் என்று ஆனது. ஏரி மீன் எங்கள் இருவருக்குமே புதிது. உப்புத் தண்ணீரில் தூண்டில் முள்ளில் இறால் மாட்டினால் போதும். நல்ல தண்ணீரில் எந்த மீன் எதைத் தின்னும், எத்தனை மணிக்குத் தின்னும், ஒன்றும் தெரியாது. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே முடியாது. என்னோடு வேலை செய்பவர் விழுப்புரம் தாண்டி ஒரு கிராமத்துக்காரர். அவர் ஊர் ஏரியில் கெண்டையும் ஜிலேபி மீனும் நிறைய என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

போனில் அந்த ஏரியின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன். நீலமாகப் பெரிதாகத் தெரிந்தது.

"இந்தப் படம் எந்த மாசம் எடுத்தது?"

"தெரியலியே மாமா."

"மழைக்கு அப்புறம் எடுத்திருந்தா ரொம்பியிருக்கும். பங்குனில பாதிதான் இருக்கும். தண்ணி எங்க நிக்கும்னு நாமதான் கண்டுபுடிக்கணும்."

கரையை வரைந்தார். மதகு எங்கே, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் எங்கே என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கேட்டார். மதகுப் பக்கம்தான் ஆழம், தண்ணீர் வற்ற வற்ற மீன் அங்கேதான் ஒதுங்கும் என்றார். காலை வெயில் முகத்துக்கு வரவேண்டும், நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. ஒன்றரை மணி நேரம் போனது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், ஒரு வேலை முடிந்தால் "வொலா" என்பார். அன்று அதைச் சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். எங்களுக்குப் பேச ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி அதில் இருந்தது. எனக்கும் இருந்தது.

அடுத்த ஞாயிறு சாமான்களோடு போனேன். தூண்டில் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, சின்ன முள் ஒரு பாக்கெட். கடல் முள் கெண்டை வாய்க்குப் பெரிது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முள் கட்டினோம். அவருக்குக் கண் கிட்டத்தில் தெரியவில்லை, நான் கோத்துக் கொடுக்க, அவர் முடிச்சை இறுக்கினார். அப்போதுதான் சொன்னார்:

"கோதும மாவுல துளி பெருங்காயம் போட்டுப் பெசஞ்சா கெண்ட தேடி வரும்னு அத்த சொல்லுவாங்க. சின்ன வயசுல அவங்க ஊர் ஏரில புடிச்சிருக்காங்களாம்."

அத்தை என்றது என் அம்மாவை. அம்மா தூண்டில் போட்டவர் என்பது எனக்குத் தெரியாது. கையிலிருந்த முள் விரலில் ஏறியது. வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

கடற்கரை ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் ஏன் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு மெல்ல விளங்கியது. அம்மா அதை டயாலிசிஸுக்குப் போகிற வழியில் காரில் சொல்லியிருப்பார். வாரம் இரண்டு முறை, மூன்று வருடம், மாமாதான் கூட்டிப்போனார். அத்தனை பயணத்தில் எத்தனை கதை கேட்டிருப்பார்! நான் வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில், "சாப்டியாம்மா, மாத்திர போட்டியா" என்று கேட்டவன். அம்மாவின் கடைசி வருடங்கள் அவரிடம் இருந்தன, என்னிடம் இல்லை. போனில் நான் சொன்ன வார்த்தைக்கு உள்ளே இந்தப் பொறாமையும் கிடந்திருக்கிறது.

மறுநாள் நானே அவருக்குப் போன் செய்தேன். "மாமா, அந்த ஏரிய குத்தகைக்கு எடுத்தவர்கிட்ட கேக்காம போவக்கூடாது. நம்பர் வாங்கியிருக்கேன்."

"நீயே பேசு. நான் பேசினா பத்து கேள்வி கேட்டு அவர பயமுறுத்திடுவேன்."

குத்தகைக்காரர் போனில் சிரித்தார். "ரெண்டு தூண்டிலுக்கு இன்னாத்துக்கு சார் பர்மிஷன்? வலை கிலை எடுத்தாராதீங்க. அடுத்த வாரம் நாங்க வலை போடப்போறோம், அதுக்குள்ள வந்துடுங்க." தவக்காலம், வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை. அதனால் சனிக்கிழமை என்று முடிவானது.

சனிக்கிழமை வெளிச்சம் வரும்போது ஏரிக்கரையில் இருந்தோம். மாமாவின் வரைபடத்தில் பாதி தப்பு. தண்ணீர் அவர் நினைத்ததைவிடக் குறைந்து, மதகு ஓரம் வெறும் சேறாக இருந்தது. ஆழம் எதிர்ப்பக்கம், கரைக்காக மண் எடுத்த பள்ளத்தில். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "சர்க்கார் பிளான் மாதிரி ஆயிடுச்சு" என்றார். ஒரு வேலமரத்தடியில் அவருக்கு மடக்கு நாற்காலி போட்டேன். நான் தரையில் உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் தக்கை அசையவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு பேசுவது முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடச் சுலபமாக இருந்தது.

"மாமா, அன்னிக்கு போன்ல சொன்னது தப்பு."

அவர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எனக்கு மூணு தடவ அடிச்சிருந்தீங்க. போன் லாக்கர்ல இருந்துச்சு. சாயங்காலம்தான் பாத்தேன். பாத்துட்டும் பாக்காத மாதிரி உங்கள அப்படிப் பேசிட்டேன். இத்தினி வருஷம் யார்கிட்டயும் சொல்லல."

"டூட்டில இருந்திருப்பன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஒரு மணி நேரம் அந்த வராண்டாவுல நின்னேன். டாக்டர் ரெண்டு தடவ வந்து கேட்டாரு."

"அக்காகிட்ட சொல்லலியா?"

"சொன்னா இன்னா ஆவும்? 'போன எடுக்கல பாரு'ன்னு உன்மேல வருத்தப்படுவா. அம்மாவும் போயி, தம்பியும் போவணுமா?"

அவர் தூண்டிலை இழுத்து, மாவு கரைந்துவிட்டதைப் பார்த்து, புது உருண்டை வைத்தார்.

"செஞ்சது சரியான்னு எனக்கே இன்னும் தெரியல மாப்ள. 'வீட்டுக்கு இட்டுனு போ'ன்னு அத்த கண்ணால கேட்ட மாதிரி இருந்துச்சு. கேட்டாங்களா, நானா நெனச்சிக்கினேனா? நீ சொன்ன அந்த வார்த்தைய நானும் என்னையே கேட்டுக்கினுதான் இருக்கேன்."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். "கேட்டிருப்பாங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். உண்மையா என்று தெரியாமல்தான் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

வெயில் ஏறுவதற்குள் நாலு ஜிலேபி, ரெண்டு கெண்டை. அவருக்கு நாலு, எனக்கு ரெண்டு.

வீட்டுக்கு வந்ததும் மாமா குளிக்கப் போனார். அக்கா பின்கட்டில் அரிவாள்மணை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூன்று போன் அழைப்புகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை. செதில் ஒட்டிய கையால் கண்ணைத் துடைக்கப் போனவள், நிறுத்தி, தோளால் துடைத்துக்கொண்டாள்.

"இத சொல்ல ரெண்டு பேருக்கும் விழுப்புரம் தாண்டிப் போவணுமா?" என்றாள். அடுத்த மீனை எடுத்துக்கொண்டே, "எழுந்து போயி புளிய ஊற வையி" என்றாள்.