சீட்டுக் கம்பி

எங்கள் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது சீட்டின் முதுகுப்பக்கம் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. எல்லா சீட்டுக்கும் அப்படி ஒரு கம்பி உண்டுதான். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைப் பெயிண்ட் போய், தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கும். தையல் லைன் லீடர் அக்காவின் தம்பி தட்டித் தட்டித் தேய்த்த இடம் அது. அந்த சீட்டில் அக்காவும் நானும் உட்காருவோம். பின் சீட்டில் அவன். எங்கள் ஊரில் ஏறி ஆம்பூரில் ஷூ கம்பெனி கேட் வரும்வரை இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் அந்தக் கம்பியைத் தட்டிக்கொண்டே வருவான். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே முதுகில் தெரியும். காலங்கார்த்தாலே இன்னாடா இது பேஜார் என்று திட்டுவேன். எனக்கும் அவன் வயதுதான், அதனால் வாடா போடாதான். திட்டினால் நிறுத்துவான். நிறுத்தியதும் முதுகுக்கு ஏதோ குறைந்த மாதிரி இருக்கும், அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவன் கட்டிங்கில் தோல் வெட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்ணாம்புக் குழியில் டிரம்ஸ் வாசித்தான். ‘சுண்ணாம்புக் குழி’ என்பது ஆம்பூர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய ராக் பேண்டின் பெயர். தோல் பதனிடும் ஷாப்பில் முடி உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடும் குழிக்குத்தான் அந்தப் பெயர். வேறு யாருக்கும் அப்படிப் பெயர் வைக்கத் தோன்றியிருக்காது. பாடுகிறவர், கிட்டார்காரர், கீபோர்டு வாசிக்கும் பாய், டிரம்ஸுக்கு இவன். செல்போனில் முதல் பாட்டு வந்த வாரமே எங்கள் பஸ் மொத்தமும் ரசிகர் மன்றமாகிவிட்டது. ஷூ மேல்பாகம் தைக்கிற பெண்களுக்கு ராக் என்ன தெரியும் என்று கேட்பவர்கள், ஒரு ஹால் நிறையத் தையல் மெஷின் ஒன்றாக ஓடும்போது உள்ளே வந்து நின்று பார்க்கவேண்டும்.

அவர்கள் பாட்டுக்கு ஒரு அடையாளம் இருந்தது. பல்லவிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் டிரம்ஸ் ஒரு இடத்தில் வழுக்கும். விழவேண்டிய அடி விழாமல், நெஞ்சு ஒருமுறை காத்திருந்த பிறகு ‘தொம்’ என்று விழும். நாங்கள் அதற்கு ‘வழுக்கல்’ என்றே பெயர் வைத்திருந்தோம். ஒருநாள் அவனிடமே கேட்டேன். “எங்க ஊட்டுக்குப் பின்னாடி ஷாப்ல மர டிரம் சுத்தும்ல. உள்ள ஈரத்தோல் ஜாஸ்தியா கிடந்தா பெல்ட் வழுக்கும். பொறந்ததுலேர்ந்து அதத்தான் கேக்குறேன். கை தானா அப்படிப் போவுது” என்றான். ஆள் உயரத்தைவிடப் பெரிய அந்த மரப் பீப்பாய்கள் சுற்றும் சத்தத்தில்தான் நாங்கள் எல்லோருமே வளர்ந்தோம். அவனுக்கு மட்டும் அது கையில் இறங்கியிருந்தது.

ஹைவேயில் ஒரு லாரி. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. காரியம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பிய அன்றும் அதே சீட்டில்தான் உட்கார்ந்தோம். பின் சீட்டை யாரும் சொல்லாமலே காலியாக விட்டிருந்தார்கள். அக்கா தன் செல்போனில் இயர்போன் சொருகி, இடது பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு வலது பக்கத்தை என்னிடம் நீட்டினார். பழைய பாட்டு ஓடியது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஒரு ஜோடி ஷூவின் ஒரு காலை அக்காவும் மறு காலை நானும் போட்டுக்கொண்டதுபோல ஆம்பூர் வரை போவோம்.

சில மாதங்கள் கழித்துப் பேண்ட் ஒரு புதுப்பாட்டு விட்டது. டிரம்ஸுக்கு ஆள் இல்லாமல் கம்ப்யூட்டரில் தட்டியிருந்தார்கள். பஸ் இரண்டாகப் பிளந்தது. முன்பக்கம் பழைய கட்சி, அதற்கு நான் தலைவி. பின்பக்கம் புதுக்கட்சி, அதற்குப் பேர்ணாம்பட்டில் ஏறும் பெண் தலைவி. அவள் வாய்க்கு என் வாய் கொஞ்சம்தான் இளைத்தது.

“இது ரெக்ஸின்” என்றேன் நான். எங்கள் ஊரில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. தோலில் ஒரு பீஸ் மாதிரி இன்னொரு பீஸ் இருக்காது. முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி ஏதாவது ஒன்று இருக்கும். ரெக்ஸின் செயற்கைத் தோல், அதில் அச்சு திரும்பத் திரும்ப வரும். தோல் பார்த்து ஜோடி சேர்க்கும் மேஜையில் இருக்கும் எனக்கு அதைக் கண்டுபிடிப்பதுதான் சம்பளமே.

“தோலோ ரெக்ஸினோ, பேண்ட் ஓடணும்ல?” என்றாள் பேர்ணாம்பட்டுப் பெண். “புதுசா ஒரு ஆளப் போடட்டும். பழசையே புடிச்சிட்டுத் தொங்கினா நாலு பேரும் போய்ட்ட மாதிரிதான்.”

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருப்பார். லைனில் நூல் அறுந்தாலே பத்து ஊருக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிறவர், இதில் மட்டும் வாயே திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் கீபோர்டு பாய் கம்பெனி கேட்டில் காத்திருந்தார். பழைய பதிவுகளிலிருந்து தம்பியின் அடிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து வைத்திருப்பதாகவும், அவற்றைக் கோத்து எத்தனை புதுப்பாட்டு வேண்டுமானாலும் செய்யலாம் என்றும் சொன்னார். “அவன் கைதான்க்கா, வேற கை கிடையாது. நீங்க சரின்னாதான் செய்வோம். வேணாம்னா வேணாம்” என்றார். நல்ல மனிதர், கண் கலங்கித்தான் கேட்டார்.

இப்படி ஒரு கேள்வி யாருக்கும் வரக்கூடாது. சரி என்றால் தம்பி வாசித்துக்கொண்டே இருப்பான், இன்னும் வராத பாட்டுகளுக்குக்கூட. வேண்டாம் என்றால் இரண்டாம் முறை மண்ணள்ளிப் போட்ட மாதிரி. பஸ்ஸில் விவாதம் எகிறியது. வெட்டி ஒட்டியது தோலா ரெக்ஸினா என்று ஒரே சண்டை. கழிவுத் தோலைப் பொடியாக்கி, பசை போட்டு அழுத்திச் செய்கிற லெதர் போர்டு என்று ஒன்று உண்டு. தோலும் அதுதான், தோல் இல்லாததும் அதுதான். அது மாதிரிதான் இதுவும் என்று யாரோ சொன்னார்கள். நான் லெதர் போர்டானாலும் பரவாயில்லை, அவன் சத்தம் இருந்தால் போதும் என்ற கட்சி. அக்கா கடைசியில் “இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே” என்று மட்டும் பாயிடம் சொன்னார், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். பேண்டைச் சொல்கிறாரா தம்பியைச் சொல்கிறாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆம்பூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் கச்சேரி வைத்தார்கள். முந்தைய நாள் கல்யாணத்தின் பிரியாணி வாசமும் கத்திரிக்காய் வாசமும் இன்னும் போகவில்லை. மேடை நடுவில் அவனுடைய டிரம்ஸ் செட்டையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பின்னால் அவனுடைய ஸ்டூல், அதன்மேல் அவன் வியர்வை துடைக்கும் துண்டு. பார்த்ததும் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. கீபோர்டு பாய் லேப்டாப்பைத் தட்டினார். காலி ஸ்டூலிலிருந்து அவன் வாசிக்க ஆரம்பித்தான்.

அப்படித்தான் சொல்லவேண்டும். ஸ்பீக்கர் வழியாக வருகிறது என்று தெரியும். தெரிந்தும் கண் ஸ்டூலைத்தான் பார்த்தது. அவன் இருந்தபோது வராத பாட்டு அது, அவன் கேட்டே இராத பாட்டு. அதற்கு அவன் வாசித்தான். கூட்டம் கைதட்டி விசிலடித்தது, நானும் தட்டினேன். ஆனால் ஜோடி சேர்க்கிற புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் வித்தியாசமே இல்லை. அச்சு திரும்பத் திரும்ப வந்தது. பல்லவி வந்தது, வழுக்கலும் இல்லை. வெட்டி எடுத்த அடிகளில் அடி மட்டும்தான் இருந்தது, இரண்டு அடிக்கு நடுவில் அவன் காத்திருந்த நேரத்தை வெட்டி எடுக்க முடியாது. பக்கத்தில் அக்காவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“இன்னாடி இது, விடாம அடிக்கிறான்” என்றார் அக்கா. “மூச்சே விட மாட்றான்.”

அப்போது கரண்ட் போனது. எங்கள் பக்கம் அது புதிதில்லை. ஃபேன் ஓய்ந்தது, மைக் செத்தது, பாடுகிறவர் பாதி வரியில் நின்றார். ஜன்னல் வெளிச்சம் மட்டும் மேடையில் விழுந்தது. ஜெனரேட்டர் போடும்வரை எல்லோரும் சிரித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கவேண்டிய நேரம். எல்லோரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் தொம் தொம் என்று சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. சின்னதாக, மெலிதாக, சுவருக்கு அந்தப் பக்கம் மர டிரம் சுற்றுவதுபோல. பிறகு வழுக்கியது. காத்திருந்தது. விழுந்தது.

கீபோர்டு பாய் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். நான் முன் வரிசையில் இருந்தேன். லேப்டாப் மூடியிருந்தது.

அக்கா எழுந்து மேடைப் படியேறினார். டிரம்ஸ் செட்டின் முன்னால் நின்று, தூங்காத பிள்ளையின் நெஞ்சில் வைக்கிறமாதிரி உள்ளங்கையை அந்தத் தோலின்மேல் வைத்தார். “போதும்டா தம்பி. ஷிஃப்ட் முடிஞ்சிது. நீ போ” என்றார். சத்தம் நின்றது. அக்கா துண்டை எடுத்து மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பாய் பக்கம் திரும்பி, கத்தாமல்தான் சொன்னார். “செத்தவனுக்குமா ஓவர்டைம் போடுவீங்க? அவன எடுத்துடுங்க. புதுசா யாரயாவது போட்டு நல்லா வாசிங்க.” இறங்கி வந்து உட்கார்ந்தபோது அவர் கை ஐஸாக இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அக்காவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அந்தச் சத்தமே விவாதமாகிவிட்டது. “லேப்டாப்புக்கு பேட்டரி இருக்குல்ல, மூடினாலும் கொஞ்ச நேரம் பாடும்” என்றாள் பேர்ணாம்பட்டுப் பெண். கேட்கவே இல்லை என்றவர்களும் உண்டு. பின்னால் இருந்த தோல் ஷாப்பின் டிரம்தான் என்றார்கள் சிலர். கரண்ட் இல்லாத நேரத்தில் அது எப்படிச் சுற்றும் என்று நான் கேட்டேன். பேய் பிசாசு என்று சொல்கிற ஆள் நானில்லை. கேட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெட்டி வைத்த அடிகளை அழித்துவிட்டார். குடியாத்தத்தில் லுங்கித் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தியைப் புது டிரம்மராகச் சேர்த்தார்கள். நாங்கள் அவளையும் விடவில்லை. வேகம் ஜாஸ்தி, கனம் கம்மி, இது சுண்ணாம்புக் குழியே இல்லை, பெயரை மாற்றச் சொல் என்று நான் பேசாத பேச்சில்லை. பேண்ட் இன்னும் ஓடுகிறது. ஊர் ஊராகப் போகிறார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் ஜோலார்பேட்டைக்கு மாற்றல் வந்ததும் அக்கா வேலையை விட்டுப் போய்விட்டார். என் இயர்போனின் இடது பக்கம் இப்போது மடியில் சும்மா கிடக்கிறது. பழக்கம், வலது காதில் மட்டும்தான் மாட்ட வருகிறது.

போன வாரம் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அவர்களுடைய புதுப்பாட்டைக் கேட்டேன். பல்லவிக்குச் சற்று முன்னால் அந்தப் பெண்ணின் கை வழுக்கியது. தறி ஓசையில் வளர்ந்தவளுக்கு அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“நானும் கேட்டேன்டி” என்றார் அக்கா. பின்னணியில் ஏதோ கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. “அது அவன் இல்ல. அவதான். நல்லாத்தான் அடிக்கிறா. நீ சும்மா வாய் பேசாத.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன் என்றேன். கூட்ஸ் வண்டி போய் முடிந்தது. அந்தப் பக்கம் அமைதியானதும் அக்கா கேட்டார்.

“பின்னாடி யாருடி கம்பி தட்றது?”

அவர் கேட்ட பிறகுதான் முதுகில் தெரிந்தது. பாட்டிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். பாட்டை எப்போதோ நிறுத்தியிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் பேர்ணாம்பட்டுப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மடியில் டிபன் பையின்மேல் இருந்தன. அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லை. பச்சைப் பெயிண்ட் போன இடம் சாயங்கால வெயிலில் மின்னியது. நான் உள்ளங்கையை மெல்ல அதன் பக்கம் கொண்டுபோனேன், அக்கா அன்றைக்குச் செய்த மாதிரி.

“யாரும் இல்லக்கா” என்றேன். “நிறுத்தவா?”

அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

“வேணாம், விடு” என்றார். “அன்னிக்கு மண்டபத்துல அவனத் தட்ட வெச்சாங்க. இது அவனா தட்றான்.”

நான் கையை எடுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தேன். போனை அணைக்கவில்லை. எங்கள் ஊர் வரும்வரை இருவரும் கேட்டுக்கொண்டே வந்தோம்.