குதிகால் எலும்பு

சுகாசினி வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் புதைபடிவ ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பென்று விளங்கவில்லை. பட்டு நெய்கிற அவள் அப்பா பஞ்சாட்சரம், கேட்டவர்களிடமெல்லாம் "எலும்பு டாக்டருக்கு" என்று சொல்லி வைத்தார். அவள் திருத்தவில்லை. எலும்புகளோடுதான் அவளுக்கு வேலை. ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு செத்துப்போனவற்றின் எலும்புகள்.

அவை குஜராத்தில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தன. கரிப்படிவுகளுக்கு நடுவே இருக்கும் களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து சல்லடையில் அலசினால், கடைசியில் மணல்போலக் கொஞ்சம் மிஞ்சும். அதை நுண்ணோக்கியின் கீழே பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு துணுக்காகப் புரட்ட வேண்டும். மீன் பல் வரும், வௌவால் பல் வரும். மிக அரிதாக, சுண்டெலி அளவே உள்ள, மரத்தில் வாழ்ந்த ஒரு பிராணியின் எலும்பு வரும். தேவாங்குக்கும் குரங்குக்கும் நமக்கும் அது மூத்த சொந்தம். அந்தச் சொந்தங்களின் பற்களும் தாடைகளும் சில கால் எலும்புகளும் முன்பே கிடைத்திருந்தன. ஆனால் தேவாங்கின் கிளையும் குரங்கின் கிளையும் பிரிவதற்கு முன்னால் இருந்தது எப்படி நடமாடியது, தாவியதா, பற்றிப் பற்றி ஏறியதா என்பது இன்னும் விவாதமாகவே இருந்தது. அதைப் பல் சொல்லாது, பாதம்தான் சொல்லும்.

ஊரடங்கு வந்து விடுதியைக் காலி செய்யச் சொன்னபோது, அவளுடைய பேராசிரியை துறையின் பழைய நுண்ணோக்கியையும் அலசி வைத்த மண்ணையும் அவளோடு அனுப்பிவைத்தார். சில வாரங்களில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. இனி அங்கிருந்து ஒரு பிடி மண்கூட வராது. டப்பாக்களில் அவள் கொண்டுவந்ததுதான் மிச்சம்.

வீட்டில் இருந்தது ஒரே கூடம். பாதியைத் தறி அடைத்திருந்தது. அப்பா குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்தால், ஒவ்வொரு அடிக்கும் ஜன்னலோரத்து மேசை அதிரும். தட்டில் மணல் துள்ளும். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தறி ஓடுவதில்லை என்று ஒப்பந்தமானது. முகூர்த்தச் சேலைகளுக்கு ஆள் மேல் ஆள் விடும்போதும் பஞ்சாட்சரம் அதை மீறவில்லை.

புரட்டாசியில் ஒரு பிற்பகல், கரும்பழுப்பாக ஒன்று தூரிகையில் ஒட்டி வந்தது. குதிகால் எலும்பு. அரிசியில் பாதிதான் இருக்கும். முன்பகுதி நீளவில்லை, தாவுகிற பிராணிக்கு நீண்டிருக்கும். அவள் பார்த்திருந்த எந்தப் படத்திலும் அப்படியொன்று இல்லை. கைப்பேசியை நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுத்தாள். கைப்பேசி நிலையாக நிற்காததில் படங்களெல்லாம் கலங்கலாக விழுந்தன. எலும்பைத் தட்டில் கறுப்புத் தாள்மேல் வைத்துவிட்டு, சிக்னலுக்காக மாடிக்கு ஓடினாள்.

பேராசிரியைக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் முன்பகுதியின் அளவைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம், எலும்பைக் குப்பியில் போட்டாயா என்று கேட்டார். சுகாசினி படியில் பாதி இறங்கும்போதே தறிச் சத்தம் கேட்டது.

தட்டு மேசை விளிம்புக்கு நகர்ந்திருந்தது. தாள்மேல் ஒன்றுமில்லை.

"நீ எழுந்து போனியா, முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிக்கினேன்மா" என்றார் பஞ்சாட்சரம். "இன்னா ஆச்சு?"

"ஆடாதப்பா. அப்படியே இரு."

அவர் குழிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் தவழ்ந்து தரை முழுக்கத் தேடினாள். பிறகு அவர் மெல்ல எழுந்து, கட்டியிருந்த லுங்கியைக்கூட மாற்றி, வெள்ளைத் துணிமேல் உதறிப் பார்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார். கூடத்தையும் குழியையும் பெருக்கி, அந்தத் தூசியை அம்மா கமலாட்சி ஒரு டப்பாவில் சேர்த்தாள். சுரங்கத்து மண்ணை அலசியதுபோலவே அதையும் அலசி, சுகாசினி நுண்ணோக்கியின் கீழே பரப்பினாள். பட்டு நூல் பிசிறு, ஜரிகைத் துகள், எறும்புத் தலை, உடைந்த சோற்றுப் பருக்கை. தரைச் சந்துகளை ஊசியால் கிளறி எடுத்தாள். ஒருநாள் ஒரு பல் வந்தது. தூரிகையால் திருப்பினாள். வெள்ளைவெளேரென்று இருந்தது. வீட்டுச் சுண்டெலியினுடையது.

அன்றிலிருந்து பஞ்சாட்சரம் தன் தறியில் உட்காரவில்லை. இரண்டு தெரு தள்ளி வேறொருவர் வீட்டில் கூலிக்கு நெய்யப் போனார். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, நீ ஒரு வார்த்தை சொல் என்று அம்மா கெஞ்சினாள்.

"உன் மேல தப்பு இல்லப்பா" என்றாள் சுகாசினி. "குப்பியில போட்டுட்டு நான் ஏறியிருக்கணும்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அது இருந்திருந்தா இன்னா தெரிஞ்சிருக்கும்மா?"

மரத்தில் ஏறியது, கிளைகள் பிரிந்தது என்று சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு, டப்பாவிலிருந்து அடுத்த பிடி மண்ணைத் தட்டில் கொட்டினாள்.

மிச்ச மண்ணில் வேறு பாத எலும்பு வரவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது; நீட்டிப்புக் கிடைக்கவில்லை. கலங்கலான படத்தை வைத்துக்கொண்டு எதற்கும் பெயர் சூட்ட முடியாது. எலும்பைக் கையில் எடுத்து இன்னொருவர் பார்க்க வேண்டும். பட்டம் வாங்காமலே அவள் செவிலிமேட்டில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையானாள்.

பேராசிரியை ஓய்வுபெறும் முன் அவள் அலசிய மண்ணில் கிடைத்த பற்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டு அவளுக்கும் அனுப்பினார். எழுதியவர்கள் பெயர்களில் அவள் பெயரும் இருந்தது. அதை அவள் கைப்பேசியில் படிப்பதைப் பார்த்து, என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார் அப்பா.

"பல்லு மட்டும்தான் இருக்குது, காலு எதுவும் கெடைக்கலைன்னு போட்டுருக்காங்கப்பா."

பஞ்சாட்சரம் சட்டையை மாட்டிக்கொண்டு கூலித் தறிக்குக் கிளம்பினார். அவள் திருத்த வேண்டிய விடைத்தாள்களை எடுத்துப் பையில் வைத்தாள். பேருந்துக்கு நேரமாகியிருந்தது.